மாமா கோமதி

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள். எனக்குக் காற்று ஆகாது. பையைக் காலுக்கடியில் வைத்துக்கொள்கிறேன், இடித்தால் சொல்லுங்கள். பழங்காநத்தத்தில் இறக்கிவிடச் சொல்லிக் கண்டக்டர் தம்பியிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். ஆட்டுகிறவர்கள் எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்களா என்ன? நீங்கள் மதுரைக்குத்தானே? அப்படியானால் திருமங்கலம் தாண்டியதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எனக்குக் கண் சரியில்லை. கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

என் பேரா? அது கிடக்கட்டும்.

அடுப்பை அணைத்தேன். கேஸை மூடினேனா என்பதுதான் சந்தேகம். தெருமுனை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தேன், மூடித்தான் இருந்தது. பார்த்துவிட்டு வந்த பிறகு, பார்க்கும்போது கை பட்டுத் திறந்திருக்குமோ என்று இருக்கிறது. என் புத்தி அப்படி.

இந்தப் பையையா பார்க்கிறீர்கள்? எல்லாரும் இதைத்தான் பார்க்கிறார்கள். மஞ்சளும் நீலமுமாகக் கண்ணைப் பறிக்கிறது இல்லையா? ஆப்பிரிக்காவில் கொடுத்தது. சங்கரன்கோவில்காரிக்கு ஆப்பிரிக்காவில் யார் பை கொடுப்பார்கள் என்று நினைக்காதீர்கள். மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே ஒரு லைப்ரரியே என் கையில் இருந்தது. சிரிக்காதீர்கள். ஏழாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் அந்த லைப்ரரியில் நான் இல்லாமல் ஒரு பிள்ளையும் ஒரு புத்தகத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அப்படி இருந்தேன். இரண்டு வாரம்.

என் மகன் சங்கருக்கு அங்கே நூல் மில்லில் வேலை. தேசம் டான்சானியா, ஊர் மொரொகோரோ. முதலில் வாயில் நுழையவில்லை. இப்போது ராஜபாளையம் என்று சொல்கிற மாதிரி சொல்கிறேன். "தனியா அங்க என்ன செய்யுத? வந்து எங்ககூட இரும்மா" என்றான். போய் இருந்தேன். இருந்தேன் என்றால் இருந்தேன், அவ்வளவுதான். அவன் காலையில் ஆறரைக்குப் போனால் இருட்டித்தான் வருவான். மருமகள் நிவேதா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவாள். நல்ல பெண், குறை சொல்லக் கூடாது. "அத்தை, மீட்டிங்" என்பாள். "அத்தை, சாப்பிட்டுட்டீங்களா" என்பாள். ஒரு வாரம் அவள் என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டுக்குக் காணாது.

நான் பால்கனியில் நிற்பேன். எதிரே மலை. நம் ராஜபாளையத்தில் நின்று பார்த்தால் தெரியுமே, அதே மாதிரி மலை. ஒரு நாள் அந்த மலையைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டேன். வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். எனக்கே பயமாகப் போய்விட்டது. அப்புறம்தான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு தகரக் கூரைக் கட்டடம். ஒரு காலத்தில் மக்காச்சோளம் அரைத்த மில்லாம், இப்போது பிள்ளைகளுக்கு லைப்ரரி. உள்ளே பிள்ளைகள் சத்தம் போட்டுப் படிக்கிற ஓசை. எனக்கு அந்த ஓசை பிடிக்கும். கதவு அகலத் திறந்து கிடந்தது. நான் வாசலில் நின்றேன். அன்றைக்கு நின்றேன், மறுநாள் நின்றேன். உள்ளே இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன். ஒருவரும் வா என்று சொல்லவில்லை. என்ன ஊரோ என்று இருந்தது எனக்கு.

பிறகுதான் தெரிந்தது. அங்கே ஒரு வழக்கம். யார் வாசலுக்குப் போனாலும் வெளியே நின்று "ஹோடி" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் "கரிபு" என்று சொல்ல வேண்டும். கரிபு என்றால் வா, கிட்டே வா. கதவு திறந்தே கிடந்தாலும் அந்தச் சொல் வராமல் நுழைய மாட்டார்கள். குரல் கொடுக்காமல் நிற்கிறாளே இந்தப் பொம்பளை, இவளுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குக் குழப்பம். மூன்றாம் நாள் லைப்ரரியைப் பார்த்துக்கொள்கிற நீமா எழுந்து வந்தாள். முப்பது வயது இருக்கும். தலைமுடியை வரப்பு வரப்பாகப் பின்னியிருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமலே அவளாகச் சிரித்துக்கொண்டு "கரிபு" என்றாள். கரிபு என்றால் என்னவென்று தெரியாவிட்டாலும் அவள் கை காட்டினது தெரிந்தது. உள்ளே போனேன்.

சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து ஒத்தாசை செய்யலாம். நான் கூட்டினேன், தூசி தட்டினேன், பிள்ளைகள் கைகழுவத் தண்ணீர் ஊற்றினேன். நீமாவுக்கு இங்கிலீஷ் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியும், அவளுக்குத் தெரியாது. மீதி எல்லாம் கையும் தலையும்தான்.

முதல் நாளே என்னைப் பார்த்து, "மாமா?" என்றாள்.

"மாமாவா? எனக்கென்ன மீசையா இருக்கு?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

அங்கே அம்மாவுக்குத்தான் மாமா என்று சொல்கிறார்கள். அவள் தன் நெஞ்சைத் தொட்டு, "மாமா ஜுமா" என்றாள். ஒரு சின்னப் பையன் உயரத்துக்குக் கையைக் காட்டினாள். ஜுமா அவள் மகன். பிள்ளை பெற்றவளை அவள் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம், தலைப்பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். இதில் என்ன அதிசயம், நம் தெருவிலும் அப்படித்தானே. பிறகு என் நெஞ்சைக் காட்டி, ஒரு விரலை நீட்டினாள். "ஃபர்ஸ்ட்?" என்றாள். முதல் பிள்ளை பேர் என்ன என்று கேட்கிறாள்.

வாயிலிருந்து வந்துவிட்டது. "கோமதி" என்று.

அந்தப் பேரை நான் சொல்லி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

கோமதி என் மகள். சங்கருக்கு மூத்தவள். ஏன் சொல்லாமல் இருந்தேன் என்றால், அவள் என்னை அப்படித் தலைகுனிய வைத்தாள். நீங்களே கேட்டு நியாயம் சொல்லுங்கள். அவள் அப்பா தறிக்காரர். அவர் தவறிப்போகும்போது அவளுக்குப் பதினாறு வயது. பன்னிரண்டாவதில் ஆயிரத்துச் சொச்சம் மார்க் வாங்கினாள். காலேஜ் காலேஜ் என்றாள். "நான் ஏழாவதோட நின்னேன், கொறஞ்சா போயிட்டேன்?" என்றேன். நல்ல இடம் வந்தது, புளியங்குடியில். முடித்துவைத்தேன். ஆண் துணை இல்லாத வீட்டில் வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். இரண்டு வருஷம் இருந்தாள். ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்குப் பையோடு வந்து வாசலில் நிற்கிறாள்.

"ஏட்டி, என்ன திடுதிப்புன்னு?" என்றேன்.

"இனி போகலம்மா" என்றாள்.

மாப்பிள்ளை கொஞ்சம் கை நீட்டுவார். கோபக்காரர். ஆம்பளை என்றால் அப்படி இப்படித்தான். சோறு போட்டேன், சுண்டவற்றல் குழம்பு. இடது காதைக் கையால் பொத்திக்கொண்டே சாப்பிட்டாள். ஊசிக்காற்று பட்டிருக்கும் என்று நினைத்தேன், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்திருப்பாள். அதனால்தான் உங்களிடம் சொன்னேன், காற்று ஆகாது என்று. சாப்பிட்டு முடித்ததும் புத்திமதி சொல்லி, இரண்டு மணி பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். "புளியங்குடியில இறக்கிவிட்டுருங்க தம்பி" என்று கண்டக்டரிடமும் சொன்னேன். அதற்கு மேல் ஒரு தாய் என்ன செய்வாள்?

புளியங்குடியில் அவள் இறங்கவே இல்லை. எங்கே இறங்கினாளோ. இரண்டு மாதம் கழித்து மதுரையில் வேலை பார்க்கிறாள் என்று ஆள் சொல்லித்தான் தெரிந்தது. சம்பந்தி வீட்டார் வந்து தெருவில் நின்று கேட்ட கேள்வி இருக்கிறதே! அன்றைக்கு முடிவு செய்தேன். இருபத்தியோரு வருஷமாக என்னைக் கோமதியம்மா என்றுதான் தெரு கூப்பிடும். "இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க, சங்கரம்மான்னு கூப்பிடுங்க" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பலசரக்குக் கடை மாடசாமி அண்ணாச்சிதான் ஒரு மாதம் வரைக்கும் "கோமதியம்மா, உளுந்து எவ்வளவு... ச்சே, சங்கரம்மா" என்று தடுமாறுவார். பிறகு பழகிவிட்டது. எல்லாருக்கும் பழகிவிட்டது.

இது ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில்வே கேட் போல. மூடியிருக்கிறது. ரயில் எத்தனை மணிக்கோ.

எதில் விட்டேன்? ஆமாம், பேர். நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் சொன்னது சொன்னதுதான். மறுநாள் காலையில் நான் வாசலில் நின்று "ஹோடி" என்றதும், உள்ளே இருந்த அத்தனை பிள்ளைகளும் "கரிபு, மாமா கோமதி!" என்றார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? ஏதோ ஒரு பேர். தண்ணீர் கேட்கிற பிள்ளையும் மாமா கோமதி, மூக்கு ஒழுகுகிற பிள்ளையும் மாமா கோமதி. ஒரு நாளில் நாற்பது தரம், ஐம்பது தரம். வீட்டுக்கு வந்த பிறகும் காதில் அதுதான் கேட்கும். தப்பைத் திருத்தியிருக்கலாம், சங்கர் என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது, எனக்குத்தான் பாஷை தெரியாதே.

அந்தப் புத்தகங்கள் இருந்த நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முந்நூற்றுச் சொச்சம் புத்தகம், ஒன்றுக்குக்கூட அட்டை போடவில்லை. ஓரமெல்லாம் சுருண்டு, மேலட்டை கிழிந்து, பிள்ளைகள் கை பட்டு எண்ணெய் ஏறி. நம் ஊரில் ஜூன் மாதம் புத்தகம் கொடுத்த அன்றைக்கே காக்கி அட்டை போட்டு, லேபிள் ஒட்டாமல் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவோமா? எனக்குப் படிப்பு வராதே தவிர, அட்டை போடுவதில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. மூலையை மடிக்கிற விதத்தில் இருக்கிறது. அவசரப்பட்டால் மூலை பிதுங்கிவிடும். கோமதி இரண்டாவது படிக்கும்போது, அட்டை போட்ட புத்தகத்தில் பிளேடால் சதுரமாக ஓட்டை போட்டுவிட்டாள். "ஏட்டி, என்ன செஞ்ச?" என்றால், "கிளி தெரியலம்மா" என்கிறாள். உள்ளே மேலட்டையில் ஒரு கிளிப் படம் இருந்ததாம். முதுகில் ஒன்று வைத்தேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்ட அட்டை அது.

நீமாவுக்கு ஒரு வாரம் ஏதோ பயிற்சி என்று வெளியூர் போக வேண்டியிருந்தது. சாவியை என் கையில் கொடுத்தாள். என் கையில்! நான் சங்கரிடம் சொல்லி மில்லிலிருந்து நூல் கோன் பொதிகிற காக்கித் தாள் வாங்கிவரச் சொன்னேன். ஒரு உருளையே கொண்டுவந்தான். "என்னத்துக்கும்மா இவ்வளவு?" என்றான். பேசாமல் இரு என்றேன். அந்த ஒரு வாரம் காலையில் போனால் சாயங்காலம்தான். மதியம் சாப்பாடுகூட அங்கேதான். விரல் நுனியெல்லாம் தாள் கீறி எரிந்தது. ஒரு புத்தகம் விடவில்லை.

லேபிள் எழுதுவதுதான் கஷ்டம். ஏ பி சி டி எழுத்து எனக்குத் தெரியும், கோலம் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்து வரைந்தேன். நாற்பது புத்தகம் எழுதியும் கை ஓயவில்லை, ஆனால் கண்ணுக்குள் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர ஆரம்பித்துவிட்டது. பிறகு தமிழிலேயே எழுதிவிட்டேன். மேலட்டைப் படத்தைப் பார்த்து யானை, பெரிய மீன், தண்ணீர்க்குடப் பொம்பளை, சைக்கிள், அழுகிற ராஜா என்று. எல்லாவற்றையும் ஒரே உயரமாக அடுக்கி முடித்து, தள்ளி நின்று பார்த்தேன். ஒரு யூனிபார்ம் போட்ட பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

நீமா வந்தாள். கதவருகிலேயே நின்றுவிட்டாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன்.

பிள்ளைகள் வந்து அலமாரி முன்னால் நின்றார்கள். ஒன்று எடுக்கும், பிரித்துப் பார்க்கும், இது இல்லை என்று வைக்கும், இன்னொன்று எடுக்கும். ரெஹேமா என்று ஒன்பது வயதுப் பெண், வாய் ஓயாத பிள்ளை, என்னிடம் ஓடிவந்து, "மாமா கோமதி, டெம்போ!" என்றது. டெம்போவா, வண்டியா என்று கேட்டேன். கையை மூக்கில் வைத்துத் தும்பிக்கை ஆட்டிக் காட்டியது. யானை! நான் லேபிளைப் பார்த்து ஒரே எட்டில் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். ஒரு பிள்ளை மீன் மாதிரி வாயைத் திறந்து மூடும், ஒன்று சைக்கிள் மிதிக்கும், ஒன்று அழுது காட்டும். நான் படிப்பேன், எடுத்துக் கொடுப்பேன். அந்தக் கட்டடத்தில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். நீமாவே என்னிடம் வந்து தும்பிக்கை ஆட்ட வேண்டியிருந்தது! பெரிய பையன்கள் கொஞ்சம் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அது பரீட்சை சமயமாக இருக்கும்.

அந்த இரண்டு வாரம் நான் எந்த மலையோடும் பேசவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் போகிறேன், நீமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் பிளேடு. பக்கத்தில் என் புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் மேலட்டைப் படத்துக்கு நேராகச் சதுரம் சதுரமாக என் அட்டையை வெட்டிக்கொண்டிருக்கிறாள். வெட்டின துண்டெல்லாம் ஒரு பக்கம் குவிந்து கிடக்கிறது. ஓரமும் மூலையும் அப்படியே இருக்கிறது, நடுவில் ஒரு ஜன்னல். உள்ளே யானை தெரிகிறது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், நல்ல விதமாகத்தான் சொன்னாள், மூலை மடிப்பைத் தடவிக்காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினாள். பக்கத்தில் ரெஹேமா ஒரு ஜன்னலுக்குள் விரலை விட்டு, "டெம்போ! டெம்போ!" என்று குதிக்கிறது.

எனக்கு முதுகில் யாரோ அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அடித்தவள் நான் இல்லையா, எனக்கு ஏன் வலிக்க வேண்டும் என்று தெரியவில்லை. அப்படியே திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

நான்கு நாள் போகவில்லை. நிவேதா கதவைத் திறந்து, "அத்தை, உடம்பு சரியில்லையா?" என்றாள். மீட்டிங்கை விட்டுவிட்டுக் கேட்டாள். அவள் மேல் இருந்த வருத்தம் பாதி போய்விட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒரு வீம்பு. அவர்களாக வரட்டும் என்று இருந்தேன். வரமாட்டார்கள் என்றும் தெரியும். என்னிடம் வருகிறவர்கள் யார் இருக்கிறார்கள்?

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சங்கர் வீட்டில் இருந்தான். பத்து மணி இருக்கும், கீழே கேட்டுக்கு வெளியே சத்தம். "ஹோடி! ஹோடி, மாமா கோமதி!" பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், ரெஹேமா முன்னால், நீமா பின்னால். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துதான் வைத்திருக்கிறான், ஒரு பிள்ளைகூட உள்ளே கால் வைக்கவில்லை. எல்லாரும் மேலே பால்கனியைப் பார்த்து நிற்கிறார்கள். சொல் வர வேண்டும் இல்லையா.

எனக்குச் சட்டென்று வரவில்லை. ஒரு வார்த்தைதான், நாக்கிலேயே இருக்கிறது, வரவில்லை. அந்தப் பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள். பையோடு வேறு நிற்கிறார்கள், இந்தப் பைதான், எனக்குக் கொடுக்கத் தைத்துக் கொண்டுவந்தது. பிறகு சொன்னேன். "கரிபு!" என்று கத்தினேன். மேல் வீட்டுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். படிக்கட்டு அதிர ஏறி வந்தார்கள். வீட்டில் இருந்த முறுக்கு அத்தனையும் காலி.

அவர்கள் போன பிறகு சங்கர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இவங்களுக்குக் கோமதி பேரை யாரும்மா சொன்னது?"

"நான்தான். மூத்த பிள்ளை பேரு கேட்டாங்க."

"என் பேரைச் சொல்லியிருக்க வேண்டியதுதான? ஊருல அப்படித்தான சொல்லச் சொன்ன?"

"முதப் பிள்ளைன்னு கேட்டாங்கடா. நீ ரெண்டாவது."

சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் அக்காகூட வாராவாரம் பேசுதேம்மா" என்றான்.

ஆறு வருஷமாக, என் முதுகுக்குப் பின்னால்! கோபம் வந்தது. வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. "என்னையப் பத்திக் கேப்பாளா?" என்றேன்.

"கேப்பா."

"என்னன்னு?"

"அம்மா இன்னமும் பாதித் தெரு போயிட்டு கேஸைப் பாக்கத் திரும்பி வருதான்னு கேப்பா."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். கேஸ் மூடித்தான் இருந்தது.

பழங்காநத்தத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாளாம். பக்கத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் வேலை. தபாலில் பி.ஏ. படிக்கிறாளாம். செவ்வாய்க்கிழமை அவளுக்கு லீவு. இடது காதில் மிஷின் வைத்திருக்கிறாளாம். இருபத்தேழு வயதில் காது மிஷினா? எங்கள் குடும்பத்தில் யாருக்கும் காதுக் கோளாறு கிடையாது. அவள் அப்பா பக்கத்திலும் கிடையாது. எங்கேயிருந்து வந்தது என்று நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

விலாசத்தைச் சங்கர் காக்கித் தாள் துண்டில் எழுதிக் கொடுத்தான். வீட்டில் வேறு தாள் இல்லை. இதோ, இந்தப் புத்தகத்துக்குள்தான் வைத்திருக்கிறேன். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு நீமா கொடுத்த புத்தகம். பாருங்கள், யானை. லேபிள் என் கையெழுத்து. மூலையைப் பாருங்கள், பிதுங்கல் இருக்கிறதா? ஜன்னலும் நன்றாகத்தான் வெட்டியிருக்கிறாள், கோணல் இல்லை. நீமாவுக்கு நல்ல கை.

அதோ திருமங்கலம் போர்டு. மூன்று கிலோமீட்டர். தூரத்திலேயே எனக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லையா?

எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது என்கிறீர்களா? தூரம் தெரியும். கிட்டேதான் கொஞ்சம்.

சரி, உங்களிடம் என்ன மறைக்க. ஆஸ்பத்திரிக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை இல்லையா இன்றைக்கு. ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து இது நாலாவது செவ்வாய். முதல் தரம் பழங்காநத்தத்தில் இறங்கவே இல்லை, பெரியார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் அதே பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மழை வருகிற மாதிரி இருந்தது. இரண்டாம் தரம் இறங்கினேன், தெருமுனை வரைக்கும் போனேன், கேஸ் ஞாபகம் வந்துவிட்டது. போன வாரம் ஹாஸ்டல் கேட் வரைக்கும் போய்விட்டேன். பச்சைக் கேட், திறந்துதான் இருந்தது. வாட்ச்மேன் பெரியவர், "யாரும்மா, என்ன வேணும்?" என்றார். வாயைத் திறந்தேன். யார் என்று சொல்வது? சங்கரம்மா என்றால் அங்கே யாருக்குத் தெரியும்? "பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் பாவம், ரோடு வரைக்கும் வந்து வழி காட்டினார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் பயம். அவள் வந்து பார்த்து, சோறு போட்டுவிட்டு, இரண்டு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டுவிடுவாளோ என்று.

உங்களுக்கு மதுரையில் அவசர வேலை ஒன்றும் இல்லையே? உங்கள் அக்கா வீட்டுக்குத்தானே போகிறீர்கள்? அக்கா எங்கே போய்விடப் போகிறாள். ஐந்து நிமிஷம்தான். பழங்காநத்தத்திலிருந்து உங்களுக்கு நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. நான் கேட்டுக்கு வெளியிலேயே நிற்கிறேன், நீங்கள் உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏறும்போது என் பேர் கேட்டீர்கள் இல்லையா? கோமதியம்மா. "கோமதியம்மா வந்திருக்காங்க, வாசல்ல நிக்காங்க" என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். பிறகு அவள் என்ன சொல்கிறாளோ அதை அப்படியே வந்து சொல்லுங்கள். வா என்று சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டால் புத்தகத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டும், என்ன. வலது பக்கமாக நின்று சொல்லுங்கள். இடது பக்கம் நிற்காதீர்கள், அந்தக் காதில் அவளுக்கு... அதில் அடி பட்டிருக்கிறது.

திருமங்கலம் தாண்டி எவ்வளவு நேரம் ஆகிவிட்டது, பேச்சில் தெரியவில்லை. அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்கள். தம்பி! கண்டக்டர் தம்பி! பழங்காநத்தம் வந்திருச்சா? விசில் குடுத்துராதீங்க, இருங்க. ரெண்டு பேர் இறங்கணும்.